பங்கும் பகிர்வும்

கத்தோலிக்க மக்கள் ஒரு கோவிலையும் அதனைச் சூழ்ந்த குடிகளையும் சேர்த்துப் "பங்கு" என வழங்குவர். தமிழர் வாழ்விலே இச்சொல் புதியதன்று. காணியிலே பங்கு உண்டு. கிணற்றிலே பங்கு உண்டு. இன்னார் இன்ன நாளில் இறைப்பது என முறை வகுத்துக்கொண்டு தோட்டக்காரர் பயிர் செய்வர். கரைவலை இழுக்கும் கடற்றொழிலாளர் பிடிபட்ட மீனின் பயனைப் பங்கிடுவர்; வலைக்கு ஒரு பங்கு, தோணிக்கு ஒரு பங்கு, உழைத்த கைகளுக்குப் பங்குகள் என்பது அவர்தம் நியதி. பங்கு என்ற சொல்லில் உரிமையும் உண்டு, கடமையும் உண்டு. பெறுவதற்கு உரியவன் கொடுப்பதற்கும் கடமைப்பட்டவன் என்பதே அச்சொல்லின் உட்பொருள்.

ஒரு பங்கு எதனாலே பங்காகின்றது? கோவிற் கட்டடத்தாலா, குருவானவராலா, அல்லது அங்கு வாழும் மக்கள் ஒருவர்க்கொருவர் ஆற்றும் கடமைகளாலா? மூன்றும் வேண்டும் என்று எளிதிற் கூறிவிடலாம். ஆயின், முதலிரண்டும் பறிக்கப்பட்டு மூன்றாவது மாத்திரம் எஞ்சிய ஒரு காலம் ஈழத்தின் வடபுலத்திலே இருந்தது. அக்காலத்தை நோக்கினால் இவ்வினாவுக்கு விடை கிடைக்கும்.

வடபுலத்திற் கத்தோலிக்க சமயம் 16ஆம் நூற்றாண்டிலே வேரூன்றியது. 1544ஆம் ஆண்டிலே, புனித பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவானவரிடம் ஞானஸ்நானம் பெற்ற மன்னார் மக்கள் ஏறக்குறைய 600 பேர், யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலியின் ஆணையாற் கொலையுண்டனர். 1560இல் மன்னாரும், 1619இல் யாழ்ப்பாண இராச்சியமும் போர்த்துக்கேயர் வசமாயின. அதன்பின் ஊர்தோறும் கோவில்கள் எழுந்தன. பிரான்சிஸ்கன் சபையாரும் யேசு சபையாரும் அவற்றிலே பணியாற்றினர். போர்த்துக்கேயர் தம் நகரங்களிலே "மிசெரிக்கோர்தியா" என்னும் இரக்கச் சபையையும் நிறுவினர். 1498இல் லிஸ்பன் நகரிலே தோன்றிய அச்சபையார் நோயாளரைப் பேணல், சிறைப்பட்டோரைக் காணல், இறந்தோரை அடக்கஞ் செய்தல் ஆகியவற்றைத் தம் கடமையாகக் கொண்டனர். இங்ஙனம் அக்காலத்திலே வழிபாடும் தருமமும் அரசின் நிழலிலே வளர்ந்தன. நிழல் தந்த மரம் சாய்ந்தபோது அவற்றின் கதி யாதாயிற்று என்பதே அறியத்தக்கது.

1658ஆம் ஆண்டிலே மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைப்பட்டன. கத்தோலிக்க குருமார் நாட்டினின்றும் அகற்றப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலம் அளிப்போர்க்கு மரணதண்டனை என்று அவ்வாண்டிலேயே கட்டளை பிறந்தது. கோவில்கள் புரொட்டஸ்தாந்து ஆலயங்களாகவும் பாடசாலைகளாகவும் மாற்றப்பட்டன. ஒல்லாந்தப் போதகரான பால்டேயஸ், 1672இல் வெளியிட்ட தம் நூலிலே யாழ்ப்பாணத்துக் கோவில்கள் பலவற்றை வருணித்து, அவற்றின் படங்களையும் சேர்த்துள்ளார். அவற்றைக் காண்போர்க்கு, எத்துணைப் பெரிய அமைப்பு ஒரே ஆண்டிற் கைமாறியது என்பது விளங்கும். பிள்ளைகளின் ஞானஸ்நானமும் விவாகமும் ஒல்லாந்தர் ஆலயப் பதிவிலே இடம்பெற வேண்டியிருந்தன; இடம்பெறாத விவாகம் சட்டப்படி விவாகமாகக் கொள்ளப்படவில்லை. பிறப்புரிமையும் முதுசமும் இப்பதிவுகளைச் சார்ந்திருந்தமையால், பலர் வெளியே ஒருவாறும் வீட்டினுள்ளே வேறொருவாறும் வாழ நேர்ந்தது.

1658 முதல் 1687 வரை, ஏறக்குறைய 30 ஆண்டுகள், வடபுலத்து மக்களுடன் தங்கி வாழ்ந்த குருவானவர் எவரும் இலர். 30 ஆண்டு என்பது ஒரு தலைமுறைக் காலம். அக்காலத்திலே பிறந்து வளர்ந்து, மணம்புரிந்து, தாமும் பெற்றோராகியவர்கள் பூசை என்பதைக் கண்ணாற் கண்டதேயில்லை. ஆயினும் செபங்கள் மறக்கப்படவில்லை. தாய்மார் பிள்ளைகளுக்கு அவற்றைக் கற்பித்தனர். செபமாலை வீட்டுக்குள்ளே சொல்லப்பட்டது. 1670ஆம் ஆண்டளவிலே மாந்தையிலிருந்து 20 குடும்பத்தினர் தம் கோவிலிலிருந்த தேவதாயின் திருச்சுரூபத்தைச் சுமந்துகொண்டு, கண்டியரசனின் ஆட்சிக்குட்பட்ட வன்னிக்காட்டின் மருதமடுவை அடைந்தனர் என்பர். யாழ்ப்பாணக் குடாநாட்டை விட்டு வெளியேறிய மக்களும் அவ்விடத்தே வந்து சேர்ந்தனர். இன்று மடு என்று நாடு முழுவதும் அறியும் தலம், வீடிழந்தோர் அமைத்த குடியிருப்பாகவே தொடங்கியது.

1687இலே கோவாவிலிருந்து ஒரு குரு வந்தார். அவர் யோசேவாஸ் அடிகள். 1651இற் பிறந்து, ஒறற்றோரியன் சபையிற் சேர்ந்த அவர், கூலியாளர் கோலம் பூண்டு வந்திறங்கினார். வழியிலே நோயுற்று உடல் தளர்ந்திருந்தார். கழுத்திலே செபமாலையை அணிந்துகொண்டு, யாழ்ப்பாணத்துத் தெருக்களிலே வீடுவீடாகப் பிச்சை ஏற்றார். அம்மாலையைக் கண்டு முகம் மலர்ந்தோர் யாவர் என அவர் கூர்ந்து கவனித்தார்; அவ்வழியே கத்தோலிக்கரை அறிந்துகொண்டார். இரவலனுக்கு ஒருபிடி சோறிட்ட கைகளே மறைந்திருந்த திருச்சபையின் வாயிலை அவருக்குத் திறந்துவிட்டன. பின்னர் சில்லாலை மக்கள் அவரைத் தம்மூரிலே மறைத்து வைத்துக் காத்தனர். பகலிலே ஒளிந்திருந்து, இரவிலே பூசை செய்து, பாவசங்கீர்த்தனம் கேட்டு, ஊரூராகச் சென்றார்.

அக்காலத்திலே ஒரு திருநாளைக் கொண்டாடுவது எத்துணை ஆபத்தானது என்பதை 1689ஆம் ஆண்டின் நத்தார் இரவு காட்டும். யாழ்ப்பாணத்திலே நள்ளிரவுப் பூசைக்காக மக்கள் கூடியிருந்த இடத்தை, ஆணையாளர் வான் றீட் என்பவரின் ஏவலால் ஒல்லாந்தப் போர்வீரர் வளைத்துக்கொண்டனர். யோசேவாஸ் அடிகள் தப்பினார். மக்கள் ஏறக்குறைய 300 பேர் பிடிபட்டனர். பலருக்குத் தண்டப்பணம் விதிக்கப்பட்டது. எண்மர் கடுமையாகக் கசையடி பட்டனர். அவர்களுள் ஒருவர் அக்காயங்களால் உயிர்நீத்தார்; ஏனையோர் ஆயுள் முழுவதும் கடூழியஞ் செய்யுமாறு தண்டிக்கப்பட்டனர். ஒரு பாலகனின் பிறந்தநாளைக் கொண்டாட ஒரு வீட்டிற் கூடியமையே அவர்கள் செய்த குற்றம். மக்கள் உயிரைப் பணயம் வைத்துக் காத்த நாட்கள் என்பதை நினைத்தாலன்றித் திருநாட்களின் பெறுமதி விளங்காது.

அதன்பின் யோசேவாஸ் அடிகள் புத்தளம் வழியாகக் கண்டியை அடைந்தார். அங்கு ஒற்றர் என ஐயுற்று முதலிலே சிறையில் வைக்கப்பட்டார். 1697இலே கண்டி நகரிற் பெரியம்மை பரவியது. அரசனும் பிரதானிகளும் நகரை விட்டு அகன்றனர். நோய்ப்பட்டோரை உறவினரும் கைவிட்டனர். பலர் காட்டிலே விடப்பட்டனர். அடிகளும் அவருடைய உறவினரான கர்வாலோ அடிகளும் அவர்களுக்குக் குடிசைகள் அமைத்தனர், உணவு சமைத்துக் கொடுத்தனர், புண்களைக் கழுவினர், இறந்தோரைப் புதைத்தனர். அவர் எச்சமயத்தார், எம்மொழியார் என்று எவரையும் வினாவவில்லை. இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் இதனை மிகவும் மதித்தான். பௌத்த மன்னன் ஒருவனின் ஆதரவிலே, ஒல்லாந்தரால் துரத்தப்பட்ட கத்தோலிக்கர் அடைக்கலம் பெற்றனர் என்பது இந்நாட்டுச் சமய வரலாற்றிலே மறக்கலாகாத உண்மை. 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் அடிகள் கண்டியிலே காலமானார்.

அவர் விட்டுச்சென்ற செல்வங்களுள் மிகப் பெரிது அவர் வகுத்த ஊர்முறையாகும். குருமார் மிகச் சிலர், ஊர்களோ பல. ஓர் ஊருக்கு ஆண்டில் ஒருமுறை குருவானவர் வருவதே அரிது. ஆகவே ஒவ்வோர் ஊரிலும் மூப்பர் என்றும் அண்ணாவி என்றும் பொறுப்பாளர் நியமிக்கப்பட்டனர். மூப்பர் ஊரின் வெளிக்காரியங்களைக் கவனித்தார். கோவிலின் உடைமையைக் காத்தார். சிறு பிணக்குகளைத் தீர்த்தார். குருவானவர் வரும்போது வேண்டியவற்றை ஆயத்தஞ் செய்தார். அண்ணாவியார் ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டிச் செபம் நடத்தினார், ஞானநூல்களை வாசித்தார், சிறுவர்க்கு ஞானோபதேசம் கற்பித்தார், சாகுந்தறுவாயிலிருந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார், மரணப்படுக்கையில் இருந்தோர்க்கு ஆறுதல் கூறினார், இறந்தோரை அடக்கஞ் செய்வித்தார். தமிழிலே அண்ணாவி என்பது ஆசிரியரையும் கூத்துப் பயிற்றுவோரையும் குறிக்கும் சொல். மக்கள் தமக்குப் பழக்கமான பெயராலேயே தம் வழிகாட்டியை அழைத்தனர்.

அண்ணாவியாரின் கடமைகளுள் ஒன்று, இன்று சிறிதாகத் தோன்றினும், அன்று மிகப் பெரிதாயிருந்தது. அது நாட்களை அறிவித்தல். நத்தார் மாறாத நாள். உயிர்த்த ஞாயிறோ ஆண்டுதோறும் மாறுவது. வசந்தகாலச் சமவிரவு நாளாகத் திருச்சபை கொள்ளும் மார்ச் 21ஆம் நாளை அடுத்துவரும் பூரணைக்குப் பின்வரும் ஞாயிறே உயிர்த்த ஞாயிறு. அதனைக் கொண்டே தபசுகாலத்தின் தொடக்கமாகிய விபூதிப் புதன் கணிக்கப்படும். அது பெப்ரவரி 4ஆம் நாள் வரை முந்தலாம். மார்ச் 10ஆம் நாள் வரை பிந்தலாம். அச்சிட்ட நாட்காட்டி வீடுகளிலே தொங்காத காலத்தில், ஊரார் அனைவரும் ஒரே நாளில் ஒருசந்தி தொடங்குவதற்கு நாளறிந்த ஒருவர் வேண்டும். ஒரே நாளில் உண்ணாதிருந்து ஒரே நாளில் மகிழ்வோரே ஒரு சமூகமாவர்.

தபசுகாலத்துக்குத் தமிழ் உடை அணிவித்த பெருமை யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளுக்கு உரியது. 1705இலே கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்து, 1742இலே போலவத்தையிற் காலமான அவர், தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் பல இயற்றினார். கிறிஸ்துநாதரின் பாடுகளை உருக்கமாக எடுத்துரைக்கும் அவருடைய "வியாகுலப் பிரசங்கம்" தமிழ்ப் பங்குகளிலே தலைமுறை தலைமுறையாக வாசிக்கப்பட்டு வந்தது. தபசுகால இரவுகளிலே, குத்துவிளக்கின் ஒளியிலே, குரல்வளம் மிக்க ஒருவர் ஒப்பாரியை ஒத்த இசையுடன் அதனை வாசிக்க, முதியோரும் இளையோரும் சூழ இருந்து கேட்பர். எழுத்தறியாதோரும் செவிவழியாகவே அதன் பகுதிகளை மனனஞ் செய்திருந்தனர். இவ்வடிகளே சிங்கள மக்களுக்காக "துக்பிராப்தி பிரசங்கய" என்னும் நூலை ஆக்கினார். இரு மொழியினரும் ஒரே துயரை ஒரே ஆசிரியர் வாயிலாகத் தத்தம் மொழியிலே கேட்டழுதனர்.

தபசுகாலம் நாற்பது நாட்களைக் கொண்டது. இடைவரும் ஞாயிறுகள் அக்கணக்கிற் சேரா. விபூதிப் புதனன்று மக்களின் நெற்றியிலே சாம்பல் பூசப்படும். அச்சாம்பல், சென்ற ஆண்டுக் குருத்து ஞாயிறன்று ஆசீர்வதிக்கப்பட்ட ஓலைகளை எரித்துப் பெறப்படுவது. ஓராண்டின் வெற்றிக்கொடி அடுத்த ஆண்டின் சாம்பல். வாழ்வின் நிலையாமையை இதனினும் எளிதாக உணர்த்த இயலாது. செபம், ஒருசந்தி, தருமம் என்னும் மூன்றும் இக்காலத்தின் தூண்கள். ஒருசந்தி என்பது நாளுக்கு ஒருமுறை நிறைவாக உண்பது. சுத்தபோசனம் என்பது மாமிசம் நீக்கி உண்பது. உண்ணாது மிச்சப்படுத்தியதை இல்லாதவனுக்குக் கொடுத்தாலன்றி ஒருசந்தி வெறும் சிக்கனமாகவே முடியும் என்பது திருச்சபையின் பழைய போதனை.

இப்போதனை தமிழ் இல்லங்களிலே பிடியரிசியாக உருவெடுத்தது. உலையிலே அரிசியிடும்போது இல்லத்தரசி ஒருபிடியை எடுத்து வேறொரு பானையிலே சேர்ப்பாள். இவ்வழக்கம் சமயபேதமின்றித் தமிழரிடையே நிலவியது. கோவிலுக்கும் பாடசாலைக்கும் ஏழைக்கும் அவ்வரிசி உதவியது. கத்தோலிக்க வீடுகளிலே தபசுகாலம் அப்பானைக்குச் சிறப்பான காலம். செல்வர் ஒருவர் ஒரு மூடை நெல்லைக் கொடுத்தால் அது கொடை. ஏழை வீட்டுத் தாய் நாள்தோறும் எடுத்துவைத்த ஒருபிடி நாற்பது நாட்களிலே நாற்பது பிடியாகும்போது, அது அவள் பிள்ளைகளின் பசியிலிருந்து பிரித்தெடுத்த பங்கு. பங்குமக்கள் பலர் ஒரே வேளையிலே பெறுவோராயும் கொடுப்போராயும் இருந்தமையால், வாங்கியவர் நாணித் தலைகுனிய வேண்டிய தேவை அங்கே குறைவு.

இக்காலம் யாழ்ப்பாணத்து உழவுமுறையோடும் இயைந்திருந்தது. பெரும்போக நெல் தை, மாசி மாதங்களிலே அறுவடையாகும். தபசுகாலமோ மாசி, பங்குனியை ஒட்டி வரும். பானை நிறைந்திருக்கும் வேளையிலே வயிற்றை அடக்குமாறு சமயம் பணித்தது. நத்தார் வரும் மார்கழியோ இதற்கு மாறானது. அறுவடைக்கு முந்திய அம்மாதத்திலே நெற்கூடை அடியைக் காட்டும். வாடைக்காற்று வீசி வடகடல் கொந்தளிக்க, கடற்றொழிலாளர் பலர் கரையிலே இருப்பர். ஆகையால் நத்தார்ப் பலகாரம் அயல்வீட்டுக்கும் சேர்த்தே சுடப்பட்டது. சைவ வீட்டுப் பொங்கல் கத்தோலிக்க வீட்டுக்கும், கத்தோலிக்க வீட்டு நத்தார்ப் பலகாரம் சைவ வீட்டுக்கும் வேலி கடந்து செல்வது வடபுலத்து ஊர்களின் பழைய மரபு.

பரிசுத்த வாரம் தபசுகாலத்தின் முடி. குருத்து ஞாயிறன்று தென்னங்குருத்தோலை ஏந்திய ஊர்வலம் செல்லும். ஓலையைச் சிறுவர் சிலுவையாகப் பின்னுவர். பெரிய வியாழன் இரவு முதல் கோவில் மணி மௌனமாகும். மரத்தைத் தட்டும் ஓசையே மக்களை அழைக்கும். பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதை முடிந்து களைத்து வருவோர்க்குக் கோவில் வளவிலே கஞ்சி வார்ப்பர். ஒரே கிடாரத்துக் கஞ்சியை ஊரார் யாவரும் பருகுவர். மன்னாரின் பேசாலையிலே மரத்தாற் செய்த உருவங்களைக் கொண்டு திருப்பாடுகளைக் காட்டும் "உடக்குப் பாஸ்" என்னும் அரிய கலை பேணப்பட்டது. யாழ்ப்பாணத்திலே திருமறைக் கலாமன்றம் 1965இலே தோன்றி, பாடுகளின் நாடகத்தைப் பெரும் அரங்குகளிலே நிகழ்த்தியது. உயிர்த்த ஞாயிறும் ஊர்த் திருவிழாவும் வந்தபின் நாட்டுக்கூத்துக்குக் களம் அமையும். "மூவிராசாக்கள்", "ஞானசவுந்தரி", "எண்டிறிக்கு எம்பரதோர்" முதலிய கூத்துக்கள் இவ்வாறு கோவில் முற்றத்திலே வளர்ந்தவை.

கார்த்திகை மாதத்திலே இறந்தோரை நினைப்பது மற்றோர் ஒழுக்கம். நவம்பர் 2ஆம் நாள் சகல ஆன்மாக்களின் நாள். சேமக்காலையைத் துப்புரவாக்கி, கல்லறைகளிலே மெழுகுதிரி ஏற்றி, மக்கள் செபிப்பர். ஒரு வீட்டிலே சாவு நேர்ந்தால் துக்கமணி ஒலிக்கும். அம்மணியைக் கேட்டவர் செய்துகொண்டிருந்த வேலையை விட்டு எழுவர். சாவு வீட்டிலே அடுப்பு மூட்டப்படாது. அயலார் உணவு கொண்டு செல்வர். மிசெரிக்கோர்தியா சபையார் ஒரு காலத்திலே செய்த பணியைப் பெயரற்ற அயலவர்கள் செய்தனர். சபை போயிற்று; பணி நின்றது.

எனினும், இப்பழைய வாழ்விலே குறையே இல்லை என்று கூறுவது வரலாற்றுக்கு இழைக்கும் அநீதி. சாதிவேற்றுமை கோவில் வாயிலோடு நின்றுவிடவில்லை. சில ஊர்களிலே கோவிலினுள்ளே இருக்கும் இடத்திலும், திருவிழாப் பொறுப்புக்களிலும், சேமக்காலையிலுங்கூட அது பிரிவினையை உண்டாக்கியது. சிலுவைப்பாதையிலே ஒன்றாக நடந்தோர், திரும்பியதும் வெவ்வேறு வாயில்களை நாடினர். பங்கு என்று பெயர் கொண்ட ஓரிடத்திலே சிலருக்குப் பங்கு மறுக்கப்பட்டமை ஆழ்ந்த முரண்பாடாகும். குருமாரும் மக்களும் இதனை எதிர்த்துப் பலகாலம் போராட வேண்டியிருந்தது. பிடியரிசியைப் பகிர்வது எளிது. மதிப்பைப் பகிர்வது அரிது.

1796இலே ஆங்கிலேயர் வந்தனர். 1806இலே தேசாதிபதி மெயிற்லண்ட் காலத்துச் சட்டம் கத்தோலிக்கர்மீது இருந்த தடைகளை நீக்கியது. 148 ஆண்டுகள் கடந்திருந்தன. 1847இலே அமலமரித் தியாகிகள் சபைக் குருமார் இலங்கைக்கு வந்தனர். 1862இலே திருக்குடும்பக் கன்னியர் யாழ்ப்பாணம் சேர்ந்தனர். பாடசாலைகளும் அநாதை இல்லங்களும் எழுந்தன. 1876இலே "சத்தியவேத பாதுகாவலன்" என்னும் பத்திரிகை தொடங்கியது. 1833இலே பாரிஸ் நகரிலே ஒசானாம் என்னும் இளைஞரும் அவர்தம் தோழரும் தொடங்கிய வின்சென்ற் டி போல் சபையின் கிளைகளும் நாட்டின் பங்குகளிலே அமைந்தன. அதன் உறுப்பினர் ஏழையின் வீட்டைத் தேடிச் சென்று, அமர்ந்து, பேசி, தேவையறிந்து, பிறர் அறியாதவாறு உதவினர். பழைய பிடியரிசியின் நுண்மை இம்முறையிலே ஓர் ஒழுங்கைப் பெற்றது.

1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின்னர் திருப்பலி தாய்மொழியிலே ஒலிக்கலாயிற்று. 1966இலே ஒருசந்திச் சட்டங்கள் தளர்த்தப்பட்டன. கட்டாயம் குறைந்தபோது நோன்பும் குறைந்தது என முதியோர் வருந்தினர். ஆயின், சட்டத்துக்கு அஞ்சி உண்ணாதிருப்பதிலும் அயலானை எண்ணி உண்ணாதிருப்பதே மேல் என்பதே அம்மாற்றத்தின் நோக்கம். தபசுகாலத்திலே வீடுகளிலும் பாடசாலைகளிலும் திரட்டப்படும் நிதி, கரித்தாஸ் போன்ற நிறுவனங்களின் வழியாக, தொலைவிலுள்ள ஏழையையும் அயலானாக்கியது.

பின்வந்த போர்க்காலம் பழைய வினாவை மீண்டும் எழுப்பியது. 1990 முதல் பல்லாயிரம் மக்கள் மடுத்தலத்திலே அடைக்கலம் புகுந்தனர். மடு தன் தொடக்ககாலத் தொழிலையே மீண்டும் செய்தது. 1999 நவம்பர் 20ஆம் நாள் அத்தலத்தின்மீது வீழ்ந்த எறிகணைகளால் ஏறக்குறைய 40 பேர் உயிரிழந்தனர். 2008 ஏப்பிரலிலே போர் அணுகியபோது, குருமார் திருச்சுரூபத்தைத் தேவன்பிட்டிக்கு எடுத்துச் சென்றனர். அவ்வாண்டு ஓகஸ்டிலே அது மடுவுக்கு மீண்டது. 1670இலே சுமந்து சென்ற சுமையை 338 ஆண்டுகளின் பின் மீண்டும் சுமக்க நேர்ந்தது. இடம்பெயர்ந்த மக்கள் கொட்டிலிலே சிலுவையொன்றை நட்டுச் செபமாலை சொன்னபோது, அவர்கள் சென்றவிடமெல்லாம் பங்கும் உடன் சென்றது.

2015 சனவரி 14ஆம் நாள், கொழும்புக் காலிமுகத்திடலிலே, பாப்பரசர் பிரான்சிஸ் யோசேவாஸ் அடிகளைப் புனிதராகப் பிரகடனஞ் செய்தார். அன்று பிற்பகலிலேயே மடுவுக்குச் சென்று, போரிலே உறவுகளை இழந்த இரு மொழி மக்களுடனும் செபித்தார். நான்கு ஆண்டுகளின் பின், 2019 ஏப்பிரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்திலும், கட்டுவப்பிட்டியப் புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்புச் சீயோன் ஆலயத்திலும், கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 250க்கு மேற்பட்டோர் மாண்டனர். 1689இன் நத்தார் இரவைப் போலவே, திருநாளைக் கொண்டாடக் கூடியமையே ஆலயங்களிலே மாண்டோரின் வாழ்வுக்கு முடிவாயிற்று. அடுத்து வந்த ஞாயிறு கோவில்களிலே திருப்பலி நிறுத்தப்பட்டு, தொலைக்காட்சி வழியாக ஒளிபரப்பப்பட்டது. 2020இலே கொள்ளைநோய் பரவியபோதும் பரிசுத்த வாரம் முழுவதும் கோவில்கள் வெறுமையாயிருந்தன. 17ஆம் நூற்றாண்டிலே குருவானவர் இல்லாத மக்கள் இருந்தனர். இப்போது மக்கள் முன்னில்லாத பூசைகள் நடந்தன. வீடே மீண்டும் கோவிலாயிற்று. ஊரடங்கிலே நாட்கூலி இழந்த அயலானுக்கு அரிசியும் பருப்பும் கொடுத்த குடும்பங்கள், தம் முன்னோர் வகுத்த வழியையே மேற்கொண்டன.

இவ்வரலாறு கூறும் விடை தெளிவானது. கட்டடத்தை ஒரு கட்டளை பறிக்கலாம். குருவானவரை நாடு கடத்தலாம். திருநாட்கூட்டத்தை வாளாலும் வெடியாலும் கலைக்கலாம். ஆயின், தாயொருத்தி உலையில் இடுமுன் பிரித்துவைக்கும் ஒருபிடி அரிசியைப் பறிமுதல் செய்யும் ஆற்றல் எவ்வரசுக்கும் இல்லை. மாறாக, அப்பிடியை எடுக்க மறந்தால், எத்துணை உயர்ந்த கோபுரம் எழுந்தாலும் அங்கே பங்கு இல்லை. ஆண்டுதோறும் தபசுகாலம் வந்து மக்களின் நெற்றியிலே சாம்பலைப் பூசும்போது நினைவூட்டுவது மரணத்தை மாத்திரமன்று. அயலவனுக்குரிய பங்கு இன்னும் கொடுக்கப்படாதிருப்பதையும் அது நினைவூட்டுகின்றது.